காற்றுத் துப்பாக்கியைத் தேர்ந்தவர்கள்

சென்னைக் கடற்கரையில் மாலை வேளையில் உலாவியவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். ஒரு தட்டியில் வண்ணப் பலூன்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். கடைக்காரர் துப்பாக்கியின் குழலை மடக்கி, சிறு குண்டொன்றை இட்டு, குழலை மீண்டும் நிமிர்த்தி நம் கையில் தருவார். 'பட்'டென்று ஓர் ஓசை எழும். பலூன் உடைந்தால் நமக்கு மகிழ்ச்சி. உடையாவிட்டால் சுற்றி நிற்பவர்களுக்கு மகிழ்ச்சி. திருவிழாக் கடைகளிலும் இதே காட்சிதான். ஆகவே காற்றுத் துப்பாக்கி என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவது விளையாட்டு என்னும் எண்ணமே.

சில நாட்களுக்கு முன் என்னிடம் வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் வந்தார். "ஐயா, எங்கள் வீட்டு நெற்குதிரை எலிகள் பாழாக்குகின்றன. நஞ்சு வைக்கப் பாட்டி இசைவதில்லை; பொறியிலும் எலி விழுவதில்லை. காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்று எண்ணுகிறேன். எப்படிப்பட்டதைத் தேர்ந்து வாங்குவது?" என்று கேட்டார். "தம்பி, வரலாற்று ஆசிரியனிடம் வந்து கேட்கிறாய், விடையும் வரலாறாகத்தான் வரும், பொறுமை உண்டா?" என்றேன். உண்டு என்றார். அன்று அவருக்குக் கூறியதையே இன்று உங்களுக்கும் கூறுகிறேன். இந்தக் கருவியை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மனிதர் தேர்ந்தெடுத்தனர். ஏன் தேர்ந்தனர், தேர்ந்த பின் என்ன நேர்ந்தது என்று பார்த்தால், நாம் எதைத் தேர்வது என்பது தானே விளங்கும்.

அடைபட்ட காற்றைக் கொண்டு ஒரு பொருளைத் தொலைவிற்கு எறியலாம் என்பதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தான். தென்கிழக்காசியத் தீவுகளிலும் தென் அமெரிக்கக் காடுகளிலும் வாழும் மக்கள் நீண்ட குழலில் சிறு அம்பை வைத்து, வாயால் ஊதிப் பறவைகளையும் குரங்குகளையும் வீழ்த்தினர். நம் தென்னிந்தியாவிலும் ஊதுகுழல் வழங்கியதுண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல்களையும் வளரியையும் பற்றி 1924-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியசு என்னும் அறிஞர், வெண்கல உருளைக்குள் காற்றை அழுத்தி, அதன் விசையால் எறியும் போர்ப்பொறி ஒன்றை வகுத்தார். காற்றை எவ்வளவுக்குச் சுருக்குகிறோமோ அவ்வளவுக்கு அதன் அழுத்தம் மிகும் என்னும் விதியை இராபர்ட் பாயில் 1662-இல் எடுத்துரைத்தார். ஊதுகுழலுக்கும் இன்றைய காற்றுத் துப்பாக்கிக்கும் அடிப்படை ஒன்றே. வாயின் மூச்சு செய்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது; அவ்வளவுதான்.

இனி, காற்றுத் துப்பாக்கியைப் போர்க்கருவியாகத் தேர்ந்த ஓர் அரசைக் காண்போம். அது ஆஸ்திரியப் பேரரசு. அக்காலத்தில் அதன் ஆட்சியில் பங்கு கொண்டிருந்தவர் இரண்டாம் யோசேப்பு. பார்த்தலோமியோ கிரார்தோனி என்னும் கைவினைஞர் 1779-ஐ ஒட்டி ஒரு காற்றுத் துப்பாக்கியை வகுத்தளித்தார். அதன் அடிக்கட்டையே இரும்பாலான காற்றுக்கலம். கைப்பம்பு கொண்டு ஏறத்தாழ 1,500 முறை அடித்தால் கலம் நிரம்பும். அப்போது உள்ளே இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 50 மடங்கிற்கும் மேல். குழலின் பக்கத்தில் ஏறத்தாழ 20 ஈயக் குண்டுகள் அடங்கிய நீண்ட கூடு. ஒருமுறை சுட்டதும் துப்பாக்கியைச் சற்று நிமிர்த்தி, ஒரு கட்டையைத் தள்ளினால் அடுத்த குண்டு இடத்தில் வந்து அமர்ந்துவிடும்.

இதன் அருமையை உணர வேண்டுமானால் அக்கால வெடிமருந்துத் துப்பாக்கியை நினைத்துக்கொள்ள வேண்டும். மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து, பழகிய போர்வீரன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுட்டால் அது பெரிது. மழை பெய்தால் மருந்து நனைந்துவிடும். சுட்டதும் எழும் புகை, சுட்டவன் இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கிரார்தோனியின் துப்பாக்கிக்கோ மழையும் இல்லை, புகையும் இல்லை, ஓசையும் குறைவு. பேரரசு அதைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும் அது நிலைக்கவில்லை. வெடிக்காமல் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் கலத்தைச் செய்வது அரிதாக இருந்தது. தோலடைப்புகள் உலர்ந்துவிட்டால் காற்று கசிந்தது. உடைந்ததைச் சீர்செய்யத் தேர்ந்த கொல்லர் வேண்டும். போர்க்களத்தில் அவரை எங்கே தேடுவது? 1815-க்குள் அது படையிலிருந்து நீங்கிவிட்டது. கருவி சிறந்தது, ஆனால் அதைப் பேணும் கைகள் கருவிக்கு ஏற்றவையாக இல்லை. தேர்வைப்பற்றி வரலாறு தரும் முதற் பாடம் இது. நாம் நாள்தோறும் பேணக் கூடியதையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆஸ்திரியாவில் பிறந்த அந்த வகைத் துப்பாக்கி ஒன்று அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவிற்கும் சென்றது. 1803-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் செபர்சன், மேற்கே பசிபிக் கடல்வரை நிலத்தை ஆராய்ந்துவர மெரிவெதர் லூயிசு என்னும் படைத்தலைவரை அனுப்பினார். லூயிசு தம்முடன் காற்றுத் துப்பாக்கி ஒன்றை எடுத்துச் சென்றார். அது கிரார்தோனி வகையினதே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். வழியில் கண்ட பழங்குடித் தலைவர்களுக்கெல்லாம் அவர் அதைச் சுட்டுக் காட்டினார். மருந்தும் புகையும் இன்றி மீண்டும் மீண்டும் குண்டுகளை உமிழும் துப்பாக்கியைக் கண்டு அவர்கள் திகைத்தனர். சிறு கூட்டமாய்ச் சென்ற பயணிகளுக்கு அத் திகைப்பே ஒரு காவலாயிற்று. லூயிசு அதைத் தேர்ந்தது காட்சிக்காகவே என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்தப் புகழ்பெற்ற பயணத்தின் நாட்குறிப்பு எப்படித் தொடங்குகிறது, தெரியுமா? 1803 ஆகஸ்டு இறுதியில் பிட்ஸ்பர்க் நகரை விட்டுப் புறப்பட்ட படகு, ஒகையோ ஆற்றில் மூன்று மைல் சென்று ஒரு தீவில் நின்றது. அங்கிருந்த நண்பர்கள் துப்பாக்கியைக் காட்டும்படி வேண்டினர். லூயிசு 55 கஜத் தொலைவில் ஏழு முறை சுட்டுக் காட்டினார். குறியும் நன்றாகவே விழுந்தது. பிறகு துப்பாக்கி வேறொருவர் கைக்கு மாறியது. அதைக் கையாளும் முறை அறியாதவர் அவர். அவர் எண்ணாமலே துப்பாக்கி வெடித்துவிட்டது. 40 கஜத்திற்கு அப்பால் நின்றிருந்த ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து, நெற்றிப் பொட்டைக் கிழித்துக்கொண்டு சென்றது குண்டு. அவள் சாய்ந்தாள், குருதி பெருகியது. இறந்துவிட்டாள் என்றே எல்லோரும் கலங்கி நின்றனர். ஒரு நிமிடம் கழிந்தது. அவள் கண் விழித்தாள். காயம் ஆழமானதன்று என்று தெரிந்த பிறகே அவர்களுக்கு மூச்சு வந்தது.

ஒரு கண்டத்தையே கடந்த பயணத்தின் முதற் பக்கத்தில், குண்டு ஓரிழை விலகியதால் பிழைத்த ஒரு பெண் இருக்கிறாள். அவள் பெயர் நாட்குறிப்பில் இல்லை. வரலாறு பயிலும் நாம் லூயிசை நினைவில் வைத்திருக்கிறோம். அவளையும் நினைவில் வைத்தல் வேண்டும். குறியை மட்டும் பார்ப்பது போதாது. குறிக்கு அப்பால் யார் நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவள் தரும் பாடம்.

அதன்பின் நிகழ்ந்த பெரிய மாறுதல் சுருள்வில்லின் வரவு. காற்றைக் கலத்தில் அடைத்து வைத்திருக்கும் தொல்லை இதில் இல்லை. நெம்புகோலை இழுக்கும்போது வலிய வில்லொன்று சுருங்குகிறது. விசையை அழுத்தியதும் வில் விரிந்து, உந்துதண்டை முன்னே தள்ள, கண் இமைக்கும் நேரத்திற்குள் காற்று அழுந்திக் குண்டை வெளியேற்றுகிறது. செய்வதற்கு எளிது, விலையும் குறைவு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் என்னும் ஊரில் இரும்புக் காற்றாலை செய்துவந்த நிறுவனம் ஒன்று இருந்தது. காற்றாலை வாங்கும் உழவர்களுக்கு இனாமாகத் தருவதற்கென்று 1888-ஐ ஒட்டிச் சிறு காற்றுத் துப்பாக்கிகளைச் செய்யத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் காற்றாலையை விடத் துப்பாக்கியையே மக்கள் விரும்பிக் கேட்டனர். 1895-இல் நிறுவனம் தன் பெயரையே அந்தத் துப்பாக்கியின் பெயரால் 'டெய்சி' என்று மாற்றிக்கொண்டது. காற்றுத் துப்பாக்கி சிறுவர் கைக்கு வந்து, விளையாட்டுப் பொருள் என்று பெயர் எடுத்தது இவ்வாறுதான்.

இங்கிலாந்தில் கதை வேறு வழியில் சென்றது. அங்கே நெடுங்காலம் வேட்டையுரிமை நிலக்கிழார்களிடமே இருந்தது. முயல்கள் தன் பயிரைத் தின்று தீர்த்தாலும் குத்தகை உழவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதே. 1880-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், தான் பயிரிடும் நிலத்தில் முயல்களைக் கொல்லும் உரிமையைக் குத்தகையாளருக்கு அளித்தது. அந்த உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியாது என்றும் உறுதி செய்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1905-இல், பர்மிங்காம் நகரத்துப் படைக்கல நிறுவனமான பி.எஸ்.ஏ., லிங்கன் செப்ரிசு என்பார் வகுத்த காற்றுத் துப்பாக்கியைச் செய்து விற்கத் தொடங்கியது. அதன் குழல் உட்புறத்தில் புரியிடப்பட்டு, குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்தியது. ஏறத்தாழ அதே காலத்தில் குண்டின் உருவமும் மாறியது. உருண்டைக்குப் பதிலாக, நம் உடுக்கையைப் போல் இடை சிறுத்த ஈயக் குண்டு வந்தது. அதன் பின்பகுதி உட்குழிந்து மெல்லியதாக இருக்கும். காற்று தள்ளும்போது விரிந்து குழலின் புரிகளைப் பற்றிக்கொள்ளும். களஞ்சியத்து எலியையும் தோட்டத்து முயலையும் நம்பகமாக வீழ்த்தும் கருவி இவ்வாறு உருவாயிற்று.

எலி, முயல், புறா போன்றவற்றிற்குத் துப்பாக்கியைத் தேர்வது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது அந்நாட்டில்தான். அதன் சாரத்தைச் சுருங்கச் சொல்கிறேன். குண்டின் விட்டத்தில் இரண்டு அளவுகள் பெருவழக்கு: ஒன்று 4.5 மில்லிமீட்டர், மற்றொன்று 5.5 மில்லிமீட்டர். முன்னதன் எடை ஏறத்தாழ அரை கிராம்; பின்னதன் எடை ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரே வலுவுள்ள இரு துப்பாக்கிகளில் சிறு குண்டு விரைந்து, ஏறக்குறைய நேராகச் செல்லும். தொலைவைச் சற்றுத் தவறாக மதித்தாலும் குறி பெரிதும் தப்பாது. பெரிய குண்டு மெதுவாகச் சென்று விரைவில் கீழிறங்கும். ஆனால் படும்போது தன் விசையை நன்றாக இறக்கிவிடும். ஆகவே, இறகுடையதற்குச் சிறியது, மயிருடையதற்குப் பெரியது என்று ஆங்கிலேய வேட்டைக்காரர் சொல்வதுண்டு.

வலுவிற்கும் ஓர் எல்லை வகுத்தனர். 1969-இல் வந்த விதிகளின்படி, குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 12 அடி-பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 16 சூலுக்கு, மேற்பட்டால் அத்துப்பாக்கிக்குத் தனி உரிமச் சான்று வேண்டும். பெரும்பாலான வேட்டைக்காரர் அந்த எல்லைக்குள்ளேயே நின்றனர். அதை அவர்கள் குறையாகக் கருதவில்லை. ஏனெனில், வலுவைக் கூட்டி விரைவை ஒலியின் விரைவுக்கு அருகே கொண்டுபோனால் குண்டு தடுமாறும், வில் வலியதாக ஆக ஆகத் துப்பாக்கி அதிரும், குறி சிதறும். சிறு விலங்கின் உயிர்நிலை ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே. அந்த வட்டத்திற்குள் விழுந்த மெல்லிய அடி உடனே உயிரைப் போக்கும். அதற்கு வெளியே விழுந்த வலிய அடியோ விலங்கைக் குற்றுயிராக்கிப் புதருக்குள் அனுப்பும். அது அங்கே பல மணி நேரம் துடித்துச் சாகும். ஆகவே நல்ல வேட்டைக்காரர் முதலில் நாணய அளவுள்ள வட்டமொன்றைத் தாளில் வரைந்து சுட்டுப் பார்ப்பர். எத்தனை கஜத்தில் தம் குண்டுகள் யாவும் அவ்வட்டத்திற்குள் விழுகின்றனவோ, அத்தனை கஜமே தமக்குரிய எல்லை என்று கொள்வர். சிலருக்கு அது 15 கஜமாக இருக்கும். கைதேர்ந்தவர்க்கு 30 கஜமாக இருக்கும். அந்த எல்லையை வகுப்பது துப்பாக்கி அன்று, சுடுபவனின் கை.

இன்று மீண்டும் காற்றுக்கலமுள்ள துப்பாக்கிகள் பெருகிவிட்டன. உறுதியான உலோகக் கலத்தில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைக்கிறார்கள். கிரார்தோனியின் கருத்துத்தான்; அன்று இல்லாத கொல்லுத் தொழில் இன்று உண்டு. வில் அதிர்வு இல்லாததால் குறியும் நன்றாக அமைகிறது. ஆயினும் விலை மிகுதி. கலத்தைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும். எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

நம் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் இவ்வரலாறு முடியாது. பம்பாயில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவனிடம் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அவன் சிட்டுக்குருவிகளைச் சுடுவான். குதிரைக் கொட்டிலில் கூடு கட்டியிருந்த ஒரு பெட்டையின் துணையைச் சுட்டான். வேறோர் ஆண் குருவி அவ்விடத்திற்கு வந்தது, அதையும் சுட்டான். இவ்வாறு ஏழு நாட்களில் எட்டுக் குருவிகள். ஆனால் அவன் வெறுமனே சுட்டுவிட்டுப் போகவில்லை. நடந்ததைக் குறித்து வைத்தான். பின்னொரு நாள், 1908-ஐ ஒட்டி, அவன் வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் தீற்றியிருந்தது. இது என்ன குருவி என்று அவனுக்குத் தெரியவில்லை. மாமனைக் கேட்டான், அவருக்கும் தெரியவில்லை. அவர் தந்த கடிதத்துடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றான். கழகத்தின் செயலாளர் மில்லர்ட் அக்குருவியின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் எடுத்துக் காட்டினார். அச்சிறுவனே பின்னாளில் இந்தியப் பறவையியலின் பெரியாராக விளங்கிய சலீம் அலி. 1985-இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலுக்கு அவர் இட்ட பெயரிலும் அந்தக் குருவி விழுந்த செய்தியே இருக்கிறது. அவர் துப்பாக்கியை அறவே துறந்துவிடவில்லை; ஆய்வுக்காகப் பறவைகளைப் பிற்காலத்திலும் சேகரித்தார். ஆனால் சுட்ட பிறகு, இது என்ன என்று கேட்கத் தெரிந்த கைக்கு அது மாறிவிட்டது. கருவி மாறவில்லை, அதை ஏந்தியவரின் நோக்கம் மாறியது.

அவர் சிறுவராக இருந்த காலத்தில் தடையின்றி நடந்தது இன்று நடவாது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் செய்யப்பட்ட திருத்தமும் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டையை முடித்து வைத்தன. மயிலும் கிளியும் பயிரைக் கொத்தினாலும் அவற்றைச் சுட நமக்கு உரிமை இல்லை. இழப்பு உண்டு, மறுக்கவில்லை. அதற்குத் துப்பாக்கி மருந்தன்று. 2021 மார்ச்சில் அருணாசலப் பிரதேசத்தில் ஓர் இயக்கம் தொடங்கியது. காற்றுத் துப்பாக்கிகளைத் தாமே முன்வந்து ஒப்படைக்குமாறு அரசு மக்களை வேண்டிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக வேட்டையைப் பழக்கமாகக் கொண்டிருந்த மக்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். காடுகளில் பறவையொலி குறைந்து வருவதை அவர்களே அறிந்திருந்தனர். தேர்ந்தெடுப்பது போலவே, வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதும் ஒரு தேர்வு அன்றோ?

இவ்வளவையும் கேட்ட பிறகு மாணவர், "அப்படியானால் எனக்கு என்ன சொல்கிறீர்கள், ஐயா?" என்றார்.

"மூன்று கேள்விகள் சொல்கிறேன், அவற்றிற்கு விடை கிடைத்தால் கடைக்குப் போ. முதற் கேள்வி: துப்பாக்கி இன்றி இக்காரியம் முடியாதா? குதிரின் அடியில் ஓட்டை இருந்தால் அதை அடைக்காமல் ஆயிரம் எலியைச் சுட்டாலும் ஆயிரத்தோராவது எலி வரும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை நமக்குத் தெரிந்ததுதானே. இரண்டாவது: நீ சுட எண்ணும் தொலைவில், நாணய வட்டத்திற்குள், ஒவ்வொரு முறையும் உன்னால் குண்டைச் செலுத்த முடியுமா? முடியும் என்றால் வலு குறைந்த, குறி தவறாத, நீயே துடைத்துப் பேணக்கூடிய துப்பாக்கி போதும், விலையுயர்ந்தது வேண்டாம். மூன்றாவது: குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கல்லாயின் குண்டு தெறிக்கும், மண்சுவராயின் தங்கும், வேறு எதுவாயினும் சுடாதே," என்றேன்.

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "குதிருக்குப் பின்னால் ஓலைத்தட்டி ஒன்றுதான் இருக்கிறது, ஐயா. தட்டிக்கு அந்தப் பக்கம் பாட்டி படுத்துக்கொள்ளும் இடம்."

நான் மேற்கொண்டு ஒன்றும் கூறவில்லை. ஒகையோ ஆற்றுத் தீவில் சாய்ந்த அந்தப் பெண்ணை அவரும் அப்போது நினைத்திருக்க வேண்டும். மறுவாரம் வகுப்பிற்கு வந்தபோது, குதிரின் அடியைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தாமே பூசிவிட்டதாகச் சொன்னார். கையில் சுண்ணாம்பு பட்டு வெந்திருந்தது. எலித் தொல்லை முழுவதும் நீங்கிற்றா என்று கேட்டேன். "பாதி நீங்கிற்று, ஐயா. மீதிக்கு ஒரு பூனை வளர்க்கிறோம்," என்றார்.